நிறுத்தலும் நிறுத்தறிதலும்: இலண்டன் மாநகரின் கட்டடத் தடைகள்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பர். இவற்றுள் உணவையும் உடையையும் ஒருவன் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, ஆராய்ந்து கொள்ளலாம். உறையுளோ அத்தன்மைத்தன்று. பெருநகரங்களில் வாழ்வோருள் பெரும்பாலார் பிறர் கட்டிவைத்த வீட்டில், பிறர் சொல்லை நம்பிப் புகுந்து வாழ்பவரே. சுவரின் உள்ளே வைத்து அடைத்தது யாது, கதவு எத்துணைப் பொழுது தீயைத் தாங்கும், படிக்கட்டில் புகை சூழ்ந்தால் வேறு வழி உண்டா என்பனவற்றை வினவியபின் எவரும் பாயை விரிப்பதில்லை. நம்பி உறங்குகின்றனர். அந்நம்பிக்கை பழுதாகாமல் காப்பது ஆள்வோர் கடமை.

ஆதலின், பெருந்தீ மூண்டு உயிர்கள் மாய்ந்த நகரங்களில், தீக்காப்பு முறைகளை ஆராய்ந்து முடிக்கும்வரை புதிய குடியிருப்புக்கள் எழும்புதல் கூடாது என ஆள்வோர் ஆணையிடுவது அவ்வப்போது நிகழ்கின்றது. அத்தகைய ஆணை பிறந்தவுடன் இருவேறு குரல்கள் எழுகின்றன. “போன உயிர் மீளாது, வீடு சில திங்கள் தாழ்த்தால் யாது கேடு?” என்பர் ஒருசாரார். “வீடின்றி இடர்ப்படுவோர் ஆயிரவர், அவர் தலைமேலன்றோ இத்தாழ்ப்பு விழுகின்றது?” என்பர் மற்றொரு சாரார். இரண்டும் அன்பிற் பிறந்த சொற்களே. ஒன்றைத் தழுவி மற்றொன்றைத் தள்ளுதல் எளிது. எளியது ஆதலால் அதனை யாம் மேற்கொண்டிலேம். எத்தகைய தடை நன்மை பயக்கும், எத்தகைய தடை தீமை பயக்கும் என்பதனையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். அதற்கு இலண்டன் மாநகரை எடுத்துக்கொண்டோம். கட்டடம் கட்டுதலைத் தடுத்து நிறுத்திய ஆணைகள் அந்நகர வரலாற்றில் ஒன்றுக்கு மேற்பட்டன. அவற்றின் பயன்களும் வெவ்வேறாயின. ஒப்பிட்டு நோக்குவார்க்கு அஃது ஒரு நல்ல பாடநூலாகும்.

சொல்லின் இருபொருள்

முதற்கண் ஒரு சொல்லை நோக்குவோம். ‘நிறுத்தல்’ என்பது நம் மொழியில் இருபொருள் தரும். ‘நில்’ என்னும் வினையடியினின்று பிறந்து, ஓடுவதை ஓடாதபடி நிற்கச் செய்தலை உணர்த்துவது ஒன்று. ‘நிறு’ என்னும் வினையடியினின்று பிறந்து, துலாக்கோலில் இட்டு எடை காணுதலை உணர்த்துவது மற்றொன்று. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகளை வகுத்தோர் ‘எடுத்தல்’ என்றதனையே நாம் ‘நிறுத்தல் அளவை’ என்று வழங்குகின்றோம். அடி வேறாயினும் வடிவம் ஒன்றாய் நிற்கின்றது. ஒரு நகரத்தார் கட்டடப் பணியை நிறுத்துங்கால் இவ்விரு பொருளும் ஒருங்கே அமைதல் வேண்டும் என்பதே எம் கருத்து. ஓட்டத்தை நிறுத்துவது, உண்மையை நிறுத்து அறிதற்பொருட்டு. துலாக்கோலை எடாமல் ஓட்டத்தை மட்டும் நிறுத்தினால், வணிகன் ஒருவன் கடையை அடைத்துவிட்டுக் கணக்கைப் பாராமல் உறங்கியது போலாகும். இக்கருத்தைக் கைவிளக்காகக் கொண்டு இலண்டன் நகர வரலாற்றினுட் புகுவோம்.

1580: எடை காணாத தடை

பெருந்தீக்கு முன்னரே இலண்டனில் ஒரு கட்டடத் தடை இருந்தது. முதலாம் எலிசபெத்து அரசியார் 1580-ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தார். நகர வாயில்களினின்று மூன்று மைல் எல்லைக்குள், முன்பு வீடு இல்லாத இடத்தில் எவரும் புதிய வீடு கட்டலாகாது. ஒரு வீட்டில் ஒரு குடும்பத்திற்குமேல் குடிவைத்தலும் ஆகாது என்பன அவ்வாணையின் சாரம். மக்கள் நெருங்கிப் பெருகினால் கொள்ளைநோய் பரவும், உணவுப்பொருள் விலை ஏறும், ஆட்சி செலுத்துதலும் அரிதாகும் என்று அஞ்சியே அரசினர் இவ்வாறு செய்தனர். 1593-ஆம் ஆண்டில் பார்லிமெண்டுச் சட்டமும் இதற்குத் துணையாக வந்தது. பின்வந்த அரசர்களும் இத்தகைய ஆணைகளை மீண்டும் மீண்டும் பிறப்பித்தனர்.

விளைவு யாது? நாட்டுப்புறங்களினின்று பிழைப்பு நாடி வருவோர் வருகை நின்றபாடில்லை. 1600-ஆம் ஆண்டை ஒட்டி ஏறத்தாழ 2,00,000 பேர் வாழ்ந்த இலண்டனில், 1650-ஆம் ஆண்டை ஒட்டி அத்தொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று என வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். வந்தவர் எங்கேனும் தலைசாய்த்தல் வேண்டுமன்றோ? பெரிய வீடுகள் பல அறைகளாகத் தடுக்கப்பட்டன. வீட்டின் பின்புறத்து முற்றங்களிலும் சந்துகளிலும் அதிகாரிகள் கண்ணிற்படாதவாறு குடில்கள் எழுந்தன. என்றேனும் ஒருநாள் இடிக்கப்படலாம் என்ற அச்சத்தோடு கட்டுபவன் நல்ல செங்கல்லையும் சுண்ணாம்பையும் அதில் இடுவானா? கிடைத்த மரத்தையும் பலகையையும் கொண்டு விரைந்து முடித்தான். முதலாம் சார்லஸ் காலத்தில், ஆணையை மீறியோர் தண்டம் செலுத்தி வீட்டை நிலைநிறுத்திக்கொள்ளும் வழக்கமும் பரவிற்று. தடை அரசினர்க்கு ஒரு வருவாயாயிற்று.

இத்தடையினது குறை இரண்டு. இத்துணைக் காலம் என்னும் எல்லை அதற்கு இல்லை. வருவோர்க்கு எங்கே, எவ்வாறு இடம் அமைப்பது என்னும் ஆராய்ச்சியும் அதனோடு சேர்ந்திலது. கல்லாலும் செங்கல்லாலும் கட்டுக என்று இடையிடையே பிறந்த ஆணைகளும் ஏட்டளவில் நின்றன. எனவே, நகரைக் காக்க எழுந்த தடை, நகரை நெருப்புக்கு ஏற்ற விறகுக்குவியலாக்குதற்கு ஒருவகையில் துணைசெய்தது.

1666: எரிந்த நகரும் ஐந்து திங்கள் தடையும்

1666-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை விடியுமுன், புட்டிங் லேன் என்னும் தெருவில் தாமஸ் பாரினர் என்பவரது அடுமனையில் தீ பற்றியது. கோடை மழையின்றிக் காய்ந்திருந்தது. கீழ்காற்று வலுவாக வீசிற்று. மர வீடுகளின் மேன்மாடங்கள் தெருவை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகத் துருத்தி நின்றமையால், எதிரெதிர் வீடுகள் ஏறத்தாழ முட்டிக்கொண்டிருந்தன. தேம்ஸ் ஆற்றங்கரைப் பண்டசாலைகளில் எண்ணெயும் கீலும் கொழுப்பும் நிறைந்திருந்தன. தீ பரவும் வழியிலுள்ள வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்குவதே அக்காலத்துத் தீத்தடுப்பு முறை. ஆயினும் மேயராகிய தாமஸ் பிளட்வொர்த், உடையவர் இசைவின்றி வீடுகளை இடிக்கத் தயங்கினார். இடித்த வீட்டின் விலையை யார் கொடுப்பது என்னும் வினா அவரைத் தடுத்தது. அத்தயக்கத்தில் அரிய நாழிகைகள் கழிந்தன. ‘யார் கொடுப்பது’ என்னும் இவ்வினாவை நேயர்கள் நினைவில் இருத்துக; இக்கட்டுரையின் ஈற்றிலும் அது நம்மை எதிர்கொள்ளும்.

தீ அவிந்தபோது 13,200 வீடுகளும் 87 கோயில்களும் செயின்ட் பால் பேராலயமும் எரிந்தொழிந்தன. 436 ஏக்கர் பரப்புச் சாம்பலாயிற்று. பதினாயிரக்கணக்கானோர் மூர்பீல்ட்ஸ் முதலிய வெளியிடங்களில் கூடாரமடித்துத் தங்கினர். மழைக்காலமும் குளிர்காலமும் முன்னே நின்றன. தத்தம் மனையில் நான்கு கம்பங்களை நட்டு எதையேனும் வேய்ந்துகொண்டு உட்புக வேண்டும் என்பதே அவர்கள் விருப்பமாக இருந்திருக்கும். அதனை யார் குறைகூற வல்லார்?

இந்நிலையில் அதே திங்கள் 13-ஆம் நாள் இரண்டாம் சார்லஸ் மன்னர் ஆணை ஒன்றை வெளியிட்டார். விதிகள் வகுக்கப்படுமுன் எவரும் விரைந்து கட்டுதல் கூடாது, கட்டினால் அஃது இடிக்கப்படும், இனி எழும் வீடுகளின் சுவர் செங்கல்லாலோ கல்லாலோ அமைதல் வேண்டும், பெருந்தெருக்கள் அகலமாக்கப்படும், ஆற்றங்கரையில் வெளியிடம் விடப்படும், மனைகள் யாருடையன என்பது அளந்து குறிக்கப்படும் என்று அவ்வாணை கூறிற்று. முன்னைய தடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஈண்டே காணலாம். நிறுத்துக என்று சொன்ன வாயே, எதற்காக நிறுத்துகின்றோம், எதை அளக்கப்போகின்றோம் என்பதனையும் உடன் சொல்லிற்று.

தடைக்காலத்தில் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் காண்போம். கிறிஸ்டபர் ரென், ஜான் ஈவ்லின், ராபர்ட் ஹூக் முதலியோர் நேரிய பெருந்தெருக்களும் சதுக்கங்களும் கொண்ட அழகிய நகர வரைபடங்களைச் சில நாட்களிலேயே தீட்டிக் கொடுத்தனர். அவை ஏற்கப்படவில்லை. ஆயிரக்கணக்கான மனைகளின் எல்லையைக் கலைத்து மீண்டும் பங்கிடப் பொருளும் இல்லை, காலமும் இல்லை, மக்கள் காத்திருத்தலும் இயலாது. அழகினும் விரைவு அன்று வேண்டப்பட்டது. மன்னர் சார்பில் ரென், ஹியூ மே, ரோஜர் பிராட் என்னும் மூவரும், நகரத்தார் சார்பில் ஹூக், பீட்டர் மில்ஸ், எட்வர்ட் ஜெர்மன் என்னும் மூவரும் கூடி ஆராய்ந்தனர். 1667-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் நகரப் புதுக்கச் சட்டம் அரச இசைவு பெற்றது. தடை பிறந்த நாள்முதல் எண்ணினால் இடைப்பட்ட காலம் ஐந்து திங்களுக்கும் குறைவே.

அச்சட்டத்தின் சிறப்பு அதன் அளவுகளில் உள்ளது. வீடுகள் நால்வகையாக வகுக்கப்பட்டன. சிறு சந்துகளில் இரண்டு அடுக்கு. பெயர்பெற்ற தெருக்களிலும் ஆற்றங்கரையிலும் மூன்று அடுக்கு. பெருந்தெருக்களில் நான்கு அடுக்கு. செல்வர் மாளிகைகளும் நான்கு அடுக்கிற்கு மேற்படலாகாது. ஒவ்வொரு வகைக்கும் சுவர் எத்தனை செங்கற் கனம், கூரை எத்தனை அடி உயரம் என்பனவும் குறிக்கப்பட்டன. ‘உறுதியாகக் கட்டுக’ என்று பொதுப்படக் கூறாமல், கொத்தனும் தன் கோலால் அளந்து சரிபார்க்கத்தக்க விதிகளாக அவை அமைந்தன. நகர அளவையாளர் நேரிற் சென்று முளையடித்து எல்லை காட்டியபின்னரே அடித்தளம் தோண்டப்பட்டது.

பிளட்வொர்த்தைத் தடுமாறச் செய்த வினாவுக்கும் விடை தேடப்பட்டது. அக்காலத்துக் குத்தகை முறைப்படி வீடு எரிந்தாலும் குடியிருந்தவர் வாடகை கொடுக்கவும், மீண்டும் கட்டித்தரவும் கடமைப்பட்டிருந்தனர். அவ்வழக்குகள் வழக்கம்போல் நடந்தால் ஒரு தலைமுறை கழிந்திருக்கும். ஆதலின் தனித் தீ நீதிமன்றம் ஒன்று சட்டத்தால் நிறுவப்பட்டது. மாத்யூ ஹேல் போன்ற நீதிபதிகள் ஊதியம் பெறாது அதில் அமர்ந்து, ஏட்டுச் சட்டத்தைவிட நடுவுநிலையைப் பெரிதாகக் கொண்டு, யார் கட்ட வல்லார், யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தல் தகும் என்று தீர்த்துவைத்தனர். பொதுப்பணிகளுக்கு இலண்டனில் வந்திறங்கும் நிலக்கரியின்மேல் வரி விதிக்கப்பட்டது. கொத்தரும் தச்சரும் போதாமையால், நகரக் கைத்தொழிற் சங்கங்களைச் சேராத வெளியூர்த் தொழிலாளரும் வந்து வேலைசெய்ய உரிமை அளிக்கப்பட்டது. மூர்பீல்ட்ஸ் முதலிய இடங்களில் தற்காலிகக் கொட்டகைகள் இடவும் இசைவு தரப்பட்டது. காத்திருப்போர் மறக்கப்பட்டிலர் என்க.

இதனைக் குறையற்றதென்று யாம் கூறவில்லை. நிலக்கரி வரி ஏழையின் அடுப்பிலும் விழுந்தது. புறநகர்களில் குடியேறியவருட் பலர் திரும்பி வாராமையால், புதிய வீடுகள் பல சில ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்தன. சட்டம் நகர எல்லைக்குள்ளேயே நின்றது. ஆற்றின் தென்கரையிலுள்ள சதர்க்கில் 1676-ஆம் ஆண்டு மற்றொரு பெருந்தீ எழுந்து நூற்றுக்கணக்கான வீடுகளை அழித்தது. எனினும், செங்கல் நகரமாக மீண்டெழுந்த இலண்டனின் உட்பகுதி அத்தகைய பேரழிவைத் தற்செயலான தீயால் மீண்டும் அடைந்திலது.

2009 முதல் 2017 வரை: நிறுத்தலும் இல்லை, நிறுத்தறிதலும் இல்லை

இனி நம் காலத்திற்கு வருவோம். செங்கல் வீட்டின் இடத்தில் இப்போது வானளாவிய அடுக்குமாடிகள் நிற்கின்றன. அவற்றின் தீக்காப்பு முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒவ்வொரு குடியிருப்பும் தீயைக் குறித்த பொழுதுவரை உள்ளேயே அடைத்துவைக்கும் ஒரு பெட்டி போலக் கட்டப்படுகின்றது. ஒருவர் சமையலறையில் தீப்பற்றினால், சுவரும் தளமும் கதவும் அதனை அங்கேயே தடுத்து நிற்க, தீயணைப்போர் வந்து அவிப்பர்; மற்ற வீட்டார் தத்தம் இடத்திலேயே இருத்தல் நலம். ஒரே படிக்கட்டுடைய உயர்ந்த கட்டடங்கள் பல இந்நம்பிக்கையின்மேல் நிற்பனவே. பெட்டி பிளவுபட்டால் நம்பிக்கையும் உடன் பிளவுபடும்.

2009-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள், தென் இலண்டனிலுள்ள காம்பர்வெல் பகுதியில், லாக்கனல் ஹவுஸ் என்னும் 14 அடுக்குக் கட்டடத்தில் தீப்பற்றி மூன்று மகளிரும் மூன்று குழந்தைகளும் மாண்டனர். தீ புறச்சுவர் வழியே எதிர்பாராத விரைவோடு பரவிற்று. 2013-ஆம் ஆண்டில் மரண விசாரணை அதிகாரி, தீக்காப்புப் பற்றிய அரசு வழிகாட்டி நூலைத் தெளிவாக்கித் திருத்துதல் வேண்டும் என்று அரசினர்க்கு எழுதினார். அப்பணி தொடர்ந்து தள்ளிவைக்கப்பட்டது. ஆண்டுகள் நான்கு கழிந்தும் அது முடிந்திலது.

2017-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், நள்ளிரவு கழிந்து ஒரு மணிக்குச் சற்று முன்னர், வட கென்சிங்டனில் கிரென்பெல் கோபுரத்தின் நான்காம் அடுக்கில், சமையலறைக் குளிர்பதனப் பெட்டி ஒன்றினின்று தீ எழுந்தது. 24 அடுக்குடைய அக்கட்டடம் 1970-களின் முற்பகுதியில் கட்டப்பட்டது, படிக்கட்டு ஒன்றே. 2016-இல் முடிந்த புதுக்கப் பணியில் அதன் புறச்சுவர் முழுதும் ஒருவகைப் பலகையால் போர்த்தப்பட்டிருந்தது. இரு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே பாலிஎத்திலீன் என்னும் எரியும் பொருளை வைத்துச் செய்த பலகை அது. சன்னல் வழியே வெளிவந்த தீ அதனைப் பற்றிக்கொண்டு அரைமணி நேரத்திற்குள் உச்சியை எட்டியது. அடைத்துவைக்கும் பெட்டிகள் என்று எண்ணியவற்றுள் தீ வெளியினின்று ஒவ்வொன்றாகப் புகுந்தது. ‘இருந்த இடத்திலேயே இருங்கள்’ என்னும் அறிவுரை 2 மணி 47 நிமிடம் வரை மாற்றப்படவில்லை. 72 பேர் உயிரிழந்தனர். அவருள் 18 பேர் குழந்தைகள்.

சர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2019-இலும் 2024-இலும் அறிக்கைகள் வெளியிட்டது. புறச்சுவரின் போர்வைப் பலகையே தீ பரவியதற்குத் தலைமைக் காரணம் என்றும், உயிரிழப்பு ஒவ்வொன்றும் தவிர்த்திருக்கத்தக்கதே என்றும், பல்லாண்டுகளாக அரசினரும் கட்டடத் தொழிலினரும் தம் கடமையில் தவறியதன் முடிவே அந்நிகழ்ச்சி என்றும் அக்குழு கண்டது. ஆராய்க என்று ஒருவர் எழுதிய பின்னும் ஆராயாது கழிந்த ஆண்டுகளின் விலை யாது என்பதனை இதனினும் தெளிவாக உரைப்பது எங்ஙனம்?

2023: எடை காணுமுன் எழுந்த தடை

கிரென்பெல் தீயின் பின்னர் அரசினர் சில முறைகளை மேற்கொண்டனர். 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புக் கட்டடங்களின் புறச்சுவரில் எரியும் பொருளைப் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2022-இல் கட்டடக் காப்புச் சட்டம் பிறந்தது. அதன்படி அமைந்த ஒழுங்குமுறை அதிகாரியின் இசைவு பெறாமல் உயர்ந்த குடியிருப்புக்களைக் கட்டத் தொடங்குதல் கூடாது என்பது 2023 அக்டோபர் முதல் விதியாயிற்று.

படிக்கட்டுப் பற்றிய வினாவும் எழுந்தது. ஒரே படியாயின், தீயணைப்போர் நீர்க்குழாயோடு மேலேறுவதும் மக்கள் கீழிறங்குவதும் ஒரே வழியில் நிகழ வேண்டும். குழாய் செல்லக் கதவு திறந்தே இருக்கும்; திறந்த கதவால் புகை படிக்குள் புகும். ஆதலின் 30 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புக்களுக்கு இரண்டு படிகள் வேண்டும் என்னும் கருத்தை அரசினர் 2022 டிசம்பர் இறுதியில் ஆலோசனைக்கு விடுத்தனர். அவ்வாலோசனை முடியுமுன்னரே, 2023 பிப்ரவரியில் இலண்டன் மேயர் சாதிக் கான், தம் ஆய்வுக்கு வரும் அத்தகைய திட்டங்கள் அனைத்திற்கும் இரண்டு படிகள் உடனே வேண்டும் என்று அறிவித்தார். கட்டத் தயாராயிருந்த பல திட்டங்கள் நின்றன, வரைபடங்கள் மாற்றப்பட்டன. 2023 ஜூலையில் அரசினர் எல்லையை 30 மீட்டரினின்று 18 மீட்டராகக் குறைத்தனர். ஒருமுறை மாற்றிய படங்களை மீண்டும் மாற்ற நேர்ந்தது. இரண்டாம் படி எங்கே, எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் நுண்விதிகள் 2024 மார்ச்சில்தான் வெளிவந்தன. அவை முழுவதும் நடைமுறைக்கு வரும் நாளாக 2026 செப்டம்பர் 30 குறிக்கப்பட்டது.

இரண்டு படி வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. நகரத்தலைவர் முந்திக்கொண்டதனையும் யாம் பழிக்கவில்லை; எட்டாண்டு முன்னர் தயங்கியவரினும், விரைந்தவர் மேலானவரே. ஆயினும் 1666-இல் ஆணையும் அளவும் சேர்ந்து வந்ததை நோக்குக. இங்கோ ஆணை முன்னே வர, அளவு ஓராண்டுக்குப் பின் வந்தது. இடையில் அளவே மாறிற்று. உயர்ந்த கட்டடங்களுக்கு இசைவு அளிக்கும் அதிகாரியின் அலுவலகத்திலும் இதுவே நிகழ்ந்தது. புதிய கட்டட விண்ணப்பத்திற்கு 12 வாரத்தில் விடை என்று சட்டம் குறித்திருக்க, பல விண்ணப்பங்கள் அதனினும் நெடுங்காலம் தேங்கின. ஆய்வாளர் தொகை பணியின் அளவுக்குப் போதவில்லை. வெளியிற் பார்ப்பார்க்கு அது தடை எனவே தோன்றிற்று.

இத்தேக்கம் யார் தலைமேல் விழுந்தது? இலண்டன் வாழ்வோருள் ஏறத்தாழ ஐம்பதின்மருக்கு ஒருவர் நிலையான வீடின்றித் தற்காலிக இடங்களில் தங்குவதாக அந்நகரக் கவுன்சில்களின் கூட்டமைப்பு 2024-ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. ஒரே அறையில் சமைத்து, உண்டு, உறங்கி, பள்ளிப்பாடமும் எழுதும் சிறாரும் அவருள் அடங்குவர். மூர்பீல்ட்ஸ் கூடாரங்கள் உருமாறி இன்றும் உள்ளன. தேக்கத்திற்குக் கட்டடத் தடை ஒன்றே காரணமன்று. பொருள்விலை ஏற்றமும் வட்டி ஏற்றமும் உடன் சேர்ந்தன. எனினும் சேர்ந்த காரணங்களுள் ஒன்றையேனும் குறைத்திருத்தல் கூடும்.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. புதியது கட்டுவதைத் தடுத்தல், பழையதில் உறங்குவோரைக் காவாது. கிரென்பெல் புதிய கட்டடமன்று. பழைய கட்டடத்திற்குப் புதுப்போர்வை போர்த்தியதே அங்குக் கேடாயிற்று. அதன்பின் எரியும் போர்வையுடைய கட்டடங்கள் பல கண்டறியப்பட்டன. அவற்றில் வாழ்ந்தோர் வீட்டை விற்கவும் இயலாது, அஞ்சாது உறங்கவும் இயலாது இருந்தனர். இரவெல்லாம் தீக்காவல் புரிவார்க்குக் கூலியும் பலர் தாமே கொடுத்தனர். போர்வையை அகற்றும் செலவு யாருடையது என்னும் வழக்கில் ஆண்டுகள் கழிந்தன. 2022-ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்போர் பலரை அச்சுமையினின்று காத்தது. ஆயினும் தீ நிகழ்ந்து ஐந்தாண்டு கழிந்தபின்னரே அது வந்தது. பிளட்வொர்த் மேயரின் வினா மூன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் அதே நகரில் அதே வடிவில் எழுந்தது. 1667-இன் தீ நீதிமன்றம் போன்ற ஒன்று முதலிலேயே இருந்திருப்பின் எத்துணை நன்றாயிருக்கும்!

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போதருவன இவை. கட்டடத் தடை ஒன்று பிறக்குங்கால் அறிவுடையோர் அதனை மூன்று வினாக்களால் சோதித்தல் வேண்டும். முதலாவது, அதற்குக் கால எல்லை உண்டா என்பது. எல்லையற்ற தடையை மக்கள் மீறுவர். மீறிக் கட்டியது உறுதியாக இராது. 1580-ஆம் ஆண்டின் ஆணை இதற்குச் சான்று. இரண்டாவது, தடைக்காலத்தில் எதை அளப்பர், யார் அளப்பர், அளப்பதற்கு ஆளும் பொருளும் உண்டா என்பது. அளவையாளர் இல்லாத தடை பூட்டிய கதவு. திறவுகோல் யாரிடம் என்பது எவர்க்கும் தெரியாது. மூன்றாவது, காத்திருப்போர் எங்கே தங்குவர், செலவை யார் ஏற்பர் என்பது. இவ்வினாவிற்கு விடை கூறாத தடையின் சுமை, குரலெழுப்ப இயலாதவர் தோளிலேயே சென்று அமரும். இவற்றோடு, பழைய கட்டடங்களில் உறங்குவோரை அத்தடை மறந்ததா என்பதனையும் சேர்த்து நோக்குதல் நன்று.

இம்மூன்றிற்கும் விடையுடைய தடை, உயிரையும் காக்கும், உறையுளையும் தரும். முதலிற் கூறிய இரு கட்சியாரும் பகைவராயிருக்க வேண்டியதில்லை என்பது இதனால் பெறப்படும். தீக்கு அஞ்சுபவரும் வீட்டுக்கு ஏங்குபவரும் விழைவது ஒன்றே: இரவில் கதவை அடைத்துக்கொண்டு அச்சமின்றிக் கண்துயிலத்தக்க ஓர் இடம். அவ்விடத்தைப் பிறர்க்கு அமைத்துத் தரும் பொறுப்பு, இக்கல்லூரியினின்று பொறியியலுக்கும் அரசுப் பணிக்கும் சட்டத்திற்கும் செல்லும் நம்முட் பலர்க்கு நாளை வந்து எய்தும். அன்று ஓர் ஆணையில் கையெழுத்திடுங்கால், நிறுத்துதற்கு முன் துலாக்கோல் கையில் உள்ளதா என்று நோக்குவோமாக.